முதல் வரியில் நலம்

அன்புள்ள அம்மாவுக்கு, தொஃபாஸல் சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

ஹாங்காங் வந்த ஏழு வருடத்தில் நேற்றுதான் ஒரு நீதிபதியைப் பார்த்தேன். என்னை ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்ற மனுவை அதிகாரிகள் தள்ளியதற்குக் காரணம் உங்கள் கடிதமாம். "அல்லாஹ் கிருபையால் இங்கு எல்லோரும் நலம்" என்று தொடங்கி, பிறகுதான் அண்ணனை வெட்டியவர்கள் என்னையும் தேடுவதை எழுதியிருந்தீர்கள். முதல் வரியைப் பிடித்துக்கொண்டு, ஊரில் ஆபத்தே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

"ஐயா, எங்க ஊர்ல சாவுச் சேதி சொல்ற கடுதாசியும் அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றேன்.

"அதிகாரி முறைப்படி முடிவெடுத்தாரான்னு மட்டுந்தான் நான் பார்க்க முடியும்" என்றார் நீதிபதி. தள்ளுபடி.

அறையில் கூட இருக்கும் யாகூப், "உங்கம்மா மரியாதையே உனக்கு வினையாப் போச்சுடா!" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். உங்கள் மேல் தப்பில்லை அம்மா.

மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் இருக்கிறது. உடனே வேறு கடிதம் அனுப்புங்கள். எடுத்த எடுப்பிலேயே அண்ணனை வெட்டியதை எழுதுங்கள். நலம் என்ற சொல்லே வேண்டாம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

எல்லோரும் நலம் என்பதை மட்டும் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். யாரிடமும் காட்டமாட்டேன்.

உங்கள் மகன்,
தொஃபாஸல்