பட்டமளிப்பு அங்கியில் இருப்பது நான்

செயின்ட் லூயிஸ்,
ஜூன் 3

அன்புள்ள யொலாண்டா,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். என் மகள் நைலா இப்போதுதான் தூங்கினாள். நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம்.

லொரெயினுக்காக நீ தொடங்கிய ஹேஷ்டேக்கைப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் யாரோ நடமாடுவதாக அவளேதான் போலீசைக் கூப்பிட்டாள், அவளேதான் கதவைத் திறந்தாள், அவளையே சுட்டுக் கொன்றார்கள். மூன்று வாரமாக யாரும் உச்சரிக்காத என் தங்கையின் பெயர் இரண்டே நாளில் நாடெல்லாம் சுற்றுகிறது. எப்படி நன்றி சொல்வேன்! ஆனால் படம் மாறிவிட்டதடி. பட்டமளிப்பு அங்கியில் இருப்பது நான். கல்லூரியில் நீ எடுத்த படம்தான். பதின்மூன்றாம் தேதி அவள் நினைவாகக் கூடிப் பலூன் விடப்போகிறோம். டி-ஷர்ட் அச்சடிக்கும் முன் மாற்றிவிடு. கோழி வறுவல் கடையில் வேலை செய்தபோது தொப்பியோடு எடுத்த அவள் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
டெனீஷா

அட்லாண்டா,
ஜூன் 8

செல்லமே,

தெரிந்துதான் போட்டேன். கறுப்பர்களான நம்மவர்கள் போலீஸ் கையால் செத்தால் முதலில் பட்டமளிப்புப் படத்தைத்தானே தேடுவோம்? இல்லாவிட்டால் டிவிக்காரன் கைதானபோது எடுத்த படத்தைப் போடுவான். லொரெயினுக்கு அங்கி ஏது? நம் ஆண்கள் செத்தால் ஊரே தெருவில் நிற்கிறது. பெண் செத்தால் யார் வருகிறார்கள்? அதிலும் கோழிக்கடைத் தொப்பியோடு ஒருத்தியை யாருடி பகிர்வார்கள்? நான்கு லட்சம் பேர் அழுதுவிட்டார்கள். இப்போது மாற்றினால் எல்லாமே பொய் என்பார்கள். டி-ஷர்ட்டும் அச்சாகிவிட்டது. விசாரணை முடியும்வரை பொறுத்துக்கொள்.

முத்தங்களுடன்,
யொலாண்டா

செயின்ட் லூயிஸ்,
ஜூன் 14

யொலாண்டா,

நேற்று முந்நூறு பேர் என் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முகத்துக்குக் கீழே லொரெயின் பெயர். எங்கள் அம்மாவுக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். யாரோ ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து, "அச்சு அசல் அவளேதான் நீ!" என்று அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

தொப்பி போட்ட படத்தை அம்மா தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். கேமராக்காரப் பெண் சொன்னாள்: "அம்மா, அதக் கொஞ்சம் கீழ இறக்குங்க. பின்னாடி பேனர்ல அவங்க முகத்த மறைக்குது."

அம்மா இறக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நைலா என் அம்மாவின் டி-ஷர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டி, மம்மிய எப்ப சுட்டாங்க?"

லொரெயினின் படத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் கடைசிப் பிரதி இது. போடுவாயா, மாட்டாயா? சீக்கிரம் பதில் எழுது.

டெனீஷா