ஆட்டுத் தூளியில் ஏறிய நாள்

அன்பு நிறைந்த அம்மணி,

இன்று காலை, கொடியில் காய்ந்த தூளியை மடிக்கப் போன என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். "ஏனுங்க, எத்தனை தடவை தொவைச்சாலும் ஊட்டுக்குள்ள ஆடு வந்து படுத்தாப்பல நாத்தம் போகலீங்க. இதைத் தூக்கித்தான் போடுங்களே!" என்றாள். நான் அதை வாங்கி முகத்தருகே வைத்தேன். செம்மறியின் வியர்வையும் மேச்சேரி மண்ணின் புழுதியும் கலந்த அந்த மணம் எழுந்தது. அதனோடு உங்கள் சிரிப்பும் எழுந்தது.

ஆட்டையாம்பட்டித் தறியில் உங்கள் அண்ணன் தடித்த நூலிட்டு நெய்து தந்த துணியல்லவா அது! நான்கு முனைகளையும் நிறைகோலின் கொக்கியில் மாட்டி, வேப்பங்கிளையில் தொங்கவிட்டால், ஆடு அதில் காலைத் தொங்கப்போட்டுப் படுத்திருக்கும். எடைமுள் நிற்கும் இடத்தை நீங்கள் உரக்கப் படிப்பீர்கள்.

ஆடுகளை நிறுக்கும் கணக்கெடுப்புக்கு ஊராரிடம் பேசித் தர ஆள் வேண்டும் என்று நீங்கள் முதன்முதலாக என்னைத் தேடி வந்தபோது, மேடையில் முழங்குகிற எனக்கும் ஆட்டுக்கும் என்ன தொடர்பு என்றுதான் கேட்டேன். பொறுமையாக விளக்கினீர்கள். புவியைச் சூடாக்கும் வளிகள் தன் ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் கால்நடையிலிருந்தும் எவ்வளவு எழுகின்றன என்று ஒவ்வொரு நாடும் உலகுக்கு அறிக்கை தரவேண்டும். அசைபோடும் ஆடு ஏப்பமாக வெளியிடும் வளியும் அதில் அடக்கம். அதன் அளவு ஆட்டின் எடையையும் தீவனத்தையும் பொறுத்தது. நம் மேச்சேரி ஆட்டுக்கு நாமே அளந்த எடை இல்லாததால், ஏதோ ஒரு பொது எண்ணை எடுத்து எழுதி வந்தோம்.

"அது யாரு ஊட்டு ஆடுன்னே தெரியலீங்க, பேச்சாளரே. நம்ம ஆட்டுக்கு நாமதானே சாட்சி சொல்லோணும்?" என்றீர்கள்.

மேடையில் ஒரு மணி நேரம் முழங்கினாலும் என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அன்றே உடன்பட்டேன்.

நீங்கள் பயிற்றுவித்த இளம் அலுவலர்களோடு மேச்சேரிப் பக்கம் போனோம். ஆடுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். வந்தன பாருங்கள்! குளிப்பாட்டி, மஞ்சள் நீர் தெளித்து, கழுத்தில் மணி கட்டி, ஊரின் கொழுத்த கிடாய்கள் எல்லாம் அணிவகுத்து வந்தன. அலுவலர் பார்க்க வருகிறார் என்றால் இருப்பதில் சிறந்ததைக் காட்டுவதுதானே நம்மவர் மரபு? இளையோர் மகிழ்ந்து போய் நிறுத்துத் தள்ளினார்கள். நீங்களோ எழுதுகோலை மூடி வைத்துவிட்டீர்கள்.

"கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தை மட்டும் பார்த்துட்டு, ஊருல இருக்கிற நகையைக் கணக்குப் போட முடியுங்களா?" என்று அவர்களைக் கேட்டீர்கள். பெட்டையும் கிழடும் இளைத்ததும் வந்தால்தான் உண்மை எடை தெரியும். ஆனால் அவற்றைக் கொண்டுவர எவரும் இசையவில்லை. மந்தைக்காரர் நல்லம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரணம் சொன்னார்:

"கெடாயை எடை போட்டாப் பெருமைங்க. பொட்டையாட்டை எடை போட்டா, நல்லம்மா கை வறண்டு போயிட்டா, ஆட்டை விக்கிறாள்னு ஊரே பேசும். பொழுது விடியறதுக்குள்ள யாவாரி வாசல்ல நிப்பான்."

உங்கள் முகம் வாடியதை அன்றுதான் கண்டேன். மழைக்காலத்துக்குள் அளவுகள் அறிக்கைக்குப் போய்ச் சேராவிடில் பழைய பொது எண்ணே மீண்டும் அச்சேறும். பயிற்சி பெற்ற இளையோரும் வேறு வேறு பணிகளுக்குக் கலைந்துவிடுவார்கள். "மறுபடியும் வெளியாளைக் கூப்பிட்டுத்தான் எழுத வெப்பாங்க" என்றீர்கள்.

என் குருதி கொதித்தது. "ஒலிபெருக்கியைக் கொண்டு வாருங்கள்!" என்றேன். வண்டிமேல் ஏறி நின்றேன். "மானம் மிகுந்த மேச்சேரிப் பெருமக்களே! எழுங்கள்! உலகம் உங்கள் மந்தையை நோக்கிக் காத்து நிற்கிறது!" என்று இடியென முழங்கினேன். எழுந்தவை ஆடுகள்தாம். கட்டறுத்து, வேலி தாண்டி, பக்கத்து நிலக்கடலைக் காட்டுக்குள் பாய்ந்தன. ஊரே அவற்றைத் துரத்தி ஓடியது. நீங்கள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

மூச்சிரைக்கத் திரும்பிய நல்லம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி, எடை போட்டா ஒண்ணுமில்லைன்னா, மொதல்ல நீங்க ஏறுங்க. உங்களை ஆராச்சும் வெலைக்குக் கேக்கறாங்களான்னு பாக்கலாம்."

ஏறினேன், அம்மணி! வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்தத் தூளிக்குள் ஏறிப் படுத்தேன். கிளை முனகியது. நீங்கள் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் எடையைப் படித்துவிட்டு, அலுவலர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "எழுதிக்கோங்க. இனம், பேச்சாளர். பால், ஆண். தீவனம், கைதட்டல்."

"இந்தச் சத்தத்துக்கு எந்த யாவாரியும் கிட்டவே வரமாட்டானுங்க!" என்றார் நல்லம்மாள். காடே குலுங்கியது. அடுத்து நீங்கள் ஏறினீர்கள், அலுவலர்கள் ஏறினார்கள், ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு ஏறினார்கள். அதற்குப் பிறகு, நிறுத்தால் விற்பதாகப் பொருள் என்று அங்கே யார் வாய் திறக்க முடியும்? நல்லம்மாளே தம் மந்தையில் மிக இளைத்த பெட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் முதல் நாமே பட்டிகளுக்குப் போனோம். திறந்த படலின் வழியே எது வந்ததோ, அதைப் பொறுக்கி எடுக்காமல் அப்படியே நிறுத்தோம்.

அளவுகள் உரிய காலத்தில் போயின. அறிக்கையை ஆய்ந்த வெளிநாட்டு வல்லுநர்கள் கணினித் திரை வழியே வினா எழுப்பிய நாளில், சேலத்து அலுவலக அறைக்குள் உங்கள் இளம் அலுவலர்களில் ஒருத்தியான பூங்கொடியை அனுப்பிவிட்டு, நீங்கள் தெருவோரக் கடையில் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தீர்கள். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. "உள்ளே போங்கள், அம்மணி! அவள் இளையவள், திணறிவிடப் போகிறாள்" என்றேன்.

"நான் உள்ள இருந்தா எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. திணறட்டுமுங்க. நீங்க காரச் சட்னி இன்னும் கொஞ்சம் வாங்குங்க."

பூங்கொடி வெளியே வந்தபோது அவள் முகமே செய்தி சொன்னது. எடைகள் ஏன் இவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று கேட்டார்களாம். கிடாய்களின் ஊர்வலம் தொடங்கி நல்லம்மாளின் பெட்டை வரை அவள் விளக்கினாளாம். உங்கள் பெயர் ஓரிடத்திலும் வரவில்லையாம். அதைக் கேட்டு நீங்கள் அடைந்த மகிழ்ச்சியை, மாலை மேல் மாலை விழும் மேடைகளில்கூட நான் அடைந்ததில்லை.

பிறகு நோய் உங்களைக் கட்டிலில் கிடத்தியது. அடுத்த கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த நாள்களில் பார்க்க வந்தேன். மெலிந்த கையால் தொலைபேசியை உயர்த்திக் காட்டினீர்கள். "பேச்சாளரே, ஒருத்தரும் ஒரு சந்தேகம்கூடக் கேக்கலீங்க! அவங்களாவே நடத்தறாங்க! எத்தனை பெரிய வெற்றி!" அந்தக் குரலில் நோயே இல்லை. நான் கேட்ட உங்கள் கடைசிக் குரலும் அதுதான்.

நேற்று எடப்பாடிப் பக்கம் ஒரு புதிய ஊர். புதிய ஊர் என்றால் முதலில் நான்தான் ஏறவேண்டும். அது இப்போது நடைமுறையாகிவிட்டது. தூளி என் பொறுப்பில் இருப்பதும் அதனால்தான். பூங்கொடி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைக் கண்டிராத புதிய அலுவலர் ஒருவர், எடையைப் படித்துவிட்டு, ஏதோ விதிநூலில் உள்ளதைப் போல முறையாகச் சொன்னார்: "தீவனம், கைதட்டல்."

அதை முதலில் சொன்னவர் யார் தெரியுமா என்று முழங்க என் நா துடித்தது. பூங்கொடி என்னைப் பார்த்தாள். உங்கள் பெயரை விழுங்கிக்கொண்டேன், அம்மணி. தூளிக்குள் படுத்தபடி வேப்பிலைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். இந்த ஆண்டும் அவர்கள் ஒருவரும் உங்களைத் தேடவில்லை. தேடுகிறவன் நான் ஒருவன்தான்.

தூளியை நான் தூக்கிப் போடவில்லை.

என்றும் உங்கள்,
பேச்சாளன்