புற்றைப் பார்த்துக் கட்டிய விதைக்களஞ்சியம்

நன்மை பெருகுக. மாரி தன் மாதம் தவறாமலும் ஏரி தன் கரை மீறாமலும் தேனாற்று நாட்டைக் காத்தருளும் மூங்கிலணை மாநகருடைய பேரரசி கோ நிலமங்கையார் திருவாய்மொழிந்தருள, திருமந்திர ஓலைநாயகம் பொதியன் ஆதன் எழுத்து. வெள்ளூற்றுக் கூற்றத்து அதிகாரி எயினன் காரியார் கண்டு தெளிக. தங்கள் கூற்றத்துக் கிணறுகளும் கன்றுகாலிகளும் நலம் பெறுக. நெடுநாளாய்த் தங்களை வாட்டும் இடது முழங்காலும் நலம் பெறுக.

ஆடி நான்காம் நாள் தாங்கள் விடுத்த ஓலை அரசியார் திருமுன் வாசிக்கப்பட்டது. விதைநெற் களஞ்சியம் கட்ட அரசியார் அனுப்பிய பெருந்தச்சன் காடன் மயிந்தன் கறையான் புற்றைக் கட்டி வைத்தான் என்றும், உள்ளே நெல் புளித்து நாறுகிறது என்றும், அதனால் அவன் அளவெடுக்கும் முழக்கோலைப் பறித்துக்கொண்டதாகவும், கட்டடத்தை இடிக்க ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். எழுதிய கையோடு மாமனார் ஊர்த் தேர்த்திருவிழாவுக்குப் புறப்பட்டும் போனீர்கள். அரசியார் எம்மை நேரில் பார்க்கவும், கண்டதற்கேற்பத் தம் பெயரால் அங்கேயே ஆணையிடவும் பணித்தார். யாம் வந்து பதினொரு நாள் தங்கிக் கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறோம். ஓலை சற்று நீளம். காலை நீட்டி அமர்ந்து கேட்பீராக.

பழைய களஞ்சியத்தில் இரண்டாண்டு விதைநெல் வெந்து பூசணம் பூத்ததும், தங்கள் கூற்றத்தார் அயல் கூற்றத்தில் விதைக்குக் கையேந்தியதும் தாங்கள் அறியாததன்று. மூன்றாம் ஆண்டும் நெல் கெட்டால் முழக்கோலை வைத்துவிட்டுப் போகிறேன் என்று மயிந்தன் சபையில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் சொன்னதன் கனம் அவனுக்கு உறைத்தது. முழக்கோல் இல்லாத தச்சனை மண் சுமக்கக்கூட எவரும் அழைப்பதில்லை.

பத்து நாள் அவன் ஒரு கல்லையும் நகர்த்தவில்லை. தச்சன் தின்று தூங்கவே வந்தான் என்று ஊர் சிரித்தது. அவனோ உச்சிவெயிலில் ஒரு புற்றின் முன் குந்தி, அதன் வாயருகே இலவம்பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அடிவாயில் பிடித்த பஞ்சு உள்ளே இழுபட்டது. உச்சிவாயில் பிடித்தது மேலே பறந்தது. புற்று மூச்சு விடுகிறது என்று கண்டபோது, வெயிலென்றும் பாராமல் எழுந்து ஆடினானாம்.

உள்ளமைப்பை அறிய வேண்டுமே! தங்கள் ஊரில் புற்றை வெட்டுவது பெரும் பாவம். அவனும் சாமிக்குப் பயந்தவன். ஆனால் கரடிக்கு அந்தப் பயம் இல்லை. கரடி தோண்டிப் போட்ட புற்றொன்று மலையடியில் இருப்பதாகக் கேட்டு அங்கே போனான். தடித்த சுவர், சுவருக்குள் விரற்கடை வழிகள், நடுவே குளிர்ந்த அறை எல்லாவற்றையும் மண்ணில் வரைந்து முடிக்கும் முன் கரடி திரும்பி வந்தது. மீதிப் பாடத்தை அவன் பொழுது சாயும்வரை மரத்தின் மேலிருந்து படித்தான்.

அப்படிப் படித்ததைத்தான் கட்டினான். செம்மண்ணால் இரட்டைச் சுவர். அடியில் சுற்றிலும் காற்று நுழையச் சிறு துளைகள். சூடேறிய காற்று வெளியேற உச்சியில் கூம்பிய மண்குழல்கள். தையில் நெல்லைக் கொட்டினார்கள். சித்திரை வெயிலில் குவியலின் நடுவே கைவிட்டவர்கள் தண்ணீர்ப் பானைக்குள் விட்டதுபோல் இருந்தது என்றார்கள். மயிந்தன் கவலையின்றி உறங்கத் தொடங்கினான்.

அவன் செய்த பிழை ஒன்றே ஒன்று: புற்றை அச்சு அசலாகக் கட்டிவிட்டான். ஆடி முதல் வெள்ளியன்று ஊர்ப்பெண்கள் பாற்குடத்தோடு வந்து, பனையளவு புற்றைக் கண்டு மெய்சிலிர்த்து, அடித்துளை ஒவ்வொன்றிலும் பாலும் முட்டையும் ஊற்றி, மஞ்சளை அப்பிக் குலவையிட்டுப் போனார்கள். தாங்கள் முகர்ந்தது சுவரிடையில் தேங்கித் திரிந்த பாலின் நாற்றம், காரியாரே! நெல்லில் தாங்கள் கையே வைக்கவில்லை.

யாம் வந்த நாள் இரண்டாம் வெள்ளி. பெண்கள் மறுபடியும் குடத்தோடு வந்தார்கள். மயிந்தன் கைகூப்பி, இது நாகத்தின் வீடன்று, நெல்லின் வீடு, நான் கட்டியது என்று கெஞ்சினான். முன்னின்ற அம்மையார் கூறிய மறுமொழியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறோம்: "இம்மாம் பெரிய புத்த நீயே கட்டுனேன்னா எவ நம்புவா? ஆத்தா உன் கைய வச்சுத் தன் வீட்டக் கட்டிக்கிட்டா. தள்ளி நில்லு." அவன் தள்ளி நின்றான். யாமும் நின்றோம்.

அன்று அவன் குவியலில் தோள்வரை கையை விட்டுப் பார்த்து, முகம் வெளுத்தான். துளைகள் அடைபட்டதால் நெல் சூடேறத் தொடங்கியிருந்தது. ஆடிப் பதினெட்டில் விதைத்தாக வேண்டும். பெண்களைத் தடுக்க வீரரைத் தரவா என்று கேட்டோம். கும்பிட வருபவரை விரட்டினால் நெல் பிழைத்தாலும் ஊர் பிழைக்காது என்று மறுத்துவிட்டு, தூறலில் நனைந்தபடி பழைய புற்றுக்கே போனான்.

அது ஏற்கெனவே விடை வைத்திருந்தது. அதன் வாய்களுக்கு மேல் மண் உதடு கூரை இறவாரம்போல் வளைந்து, வாய் கீழ்நோக்கி இருந்ததால், ஒரு துளி நீரும் உள்ளே போகவில்லை. இதை அன்றே பாராமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டான். கோல் தங்கள் வீட்டில் இருந்ததால் தன் முழங்கையாலேயே அளந்து, பால் ஊறிய மண்ணைக் குடைந்தெடுத்து, மஞ்சளை வழித்து, துளைகளை மேலேற்றிக் கீழ்நோக்கித் திருப்பினான். பழைய துளைகள் இருந்த இடங்களில் மாடங்கள் வைத்து, ஊற்றுவது வழிந்தோட வாய்க்கால் வெட்டிக் கல்தொட்டியில் சேர்த்தான். மூன்றாம் வெள்ளியன்று பெண்கள் மனம் குளிர ஊற்றினார்கள். தொட்டியடியில் ஊர்க் கன்றுகள் வயிறு குளிரக் குடித்தன.

அன்றே நெல்லை எடுத்து, நனைத்து, துணியில் கட்டிச் சபை முன் வைத்தோம். மயிந்தனுக்கு மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. இன்று ஆடிப் பதினெட்டு. மூட்டையை அவிழ்த்து நூறு மணி எண்ணினோம், தொண்ணூற்றாறு முளைத்திருந்தன. பெருந்தச்சன் எல்லார் முன்னும் வாய்விட்டு அழுதான். எமக்கும் கண் கலங்கிற்று என்பதை எழுதுவதில் வெட்கமில்லை.

முதல் வெள்ளியன்று பெண்களைத் திரட்டி வந்து முதற்குடம் ஊற்றியவரும், எம்மைத் தள்ளி நிற்கச் செய்தவரும் தங்கள் இல்லத்தரசி பூதிநங்கையாரே. வேண்டுதல் என்னவென்று கேட்டோம். தங்கள் முழங்கால் வலி தீரவேண்டும் என்றார்.

ஆகவே அரசியார் ஆணை இது: களஞ்சியத்தில் ஒரு மண்ணாங்கட்டியும் பெயரலாகாது. வரும் வெள்ளியன்று, ஊரார் கூடியிருக்க, தாங்களே முழக்கோலை ஏந்தி, பல்லக்கேறாமல் வீட்டிலிருந்து நடந்தே வந்து, மயிந்தன் கையில் அதைக் கொடுப்பீராக. வேண்டுதல் பலித்திருந்தால் நடை எளிது. பலிக்காவிடில் அந்தக் கோலையே ஊன்றி வருக; தச்சன் கோல் யாரைத் தாங்கினாலும் வளையாது.

இப்படிக்கு, அரசியாரின் தேனடை இலச்சினை பொறித்து, ஆடிப் பதினெட்டாம் நாள் வெள்ளூற்றிலிருந்து பொதியன் ஆதன். சொன்னபடி செய்க, விதைத்தபடி விளைக.