சீட் அப்பா வைத்த இடத்திலேயே இருக்கிறது

லைமா, ஒஹாயோ
ஜூன் 12, ஞாயிறு

அன்புக் கண்ணு ட்ரூடிக்கு,

நான் சாப்பிட்டு, தூங்கி, நடமாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அந்த ஜப்பான் துறைமுகத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சர்ச்சில் வேண்டிக்கொண்டு வந்தேன். கப்பல் சாப்பாட்டில் இளைத்துவிட்டேன் என்று போனில் சொன்னாயே, காலையில் ஒரு முட்டையாவது கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடு, கேட்டால் கடலில் தள்ளிவிட மாட்டார்கள்.

இப்போது முக்கியமான சேதி. அப்பாவின் செவெல் கார் நேற்று ஓடியது. எங்கேயும் போகவில்லை, காரேஜில் நின்றபடியேதான், ஆனால் எஞ்சின் ஓடியது. பிப்ரவரியில் அப்பா நம்மை விட்டுப் போனபோது எஞ்சினை முழுசாகப் பூட்டி வண்டிக்குள் இறக்கி வைத்திருந்தாரே, பிளக்குகளுக்குத் தீப்பொறி அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும்தான் பாக்கி. அதை உன் ஓரின் சித்தப்பா செய்து கொடுத்தார். ஆமாம், ஃபோர்ட் கம்பெனி வண்டியைத் தவிர வேறெதையும் மதிக்காத அந்த வெறியர்தான். காரேஜில் செவெல் இருக்கிற வரைக்கும் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இத்தனை வருஷம் வாசலில் நாற்காலி போட்டு பீர் குடித்துக்கொண்டு அப்பாவைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஃபோர்ட் பெயர் போட்ட தன் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். என்ன வேஷம் இது என்று கேட்டதற்கு, "வண்டி பாத்துடக் கூடாதுல்ல அண்ணி" என்றார். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகச் சிரித்தேன்.

ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கேம் ஷாஃப்ட் என்கிற உள்தண்டு புதுசாகப் போட்ட எஞ்சின் முதல் தடவை பிடித்ததும் விடாமல் இருபது நிமிஷம் வேகமாக ஓட வேண்டும். தணியவிட்டாலோ, பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தாலோ கேம் தேய்ந்து போகும், அப்புறம் மொத்தத்தையும் கழற்ற வேண்டியதுதான். குளிர்காலம் முழுக்க அப்பா ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் புள்ளி வைத்திருக்கிறார். அந்தப் புள்ளிகள் மேல் இன்னொருத்தர் ஸ்பானரை வைப்பதை என்னால் பார்க்க முடியாது.

அப்படிப் பயந்தது போலவே, நேற்று சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கவில்லை. டமார் என்று கார்புரேட்டர் வழியாகத் தீ சீறிக்கொண்டு வந்து சித்தப்பாவின் புருவத்தைப் பொசுக்கிவிட்டது. "செவெல் என்னைக் கடிச்சிடுச்சு அண்ணி!" என்று துள்ளினார். இன்னொரு தடவை திருப்புங்கள் என்றார், நான் மாட்டேன் என்று சாவியை உருவி ஏப்ரனில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் இறக்கும் நாளில் அப்பா என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிடுவார், நான் முதல் பிளக்கைக் கழற்றின ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொள்வேன், அவர் எஞ்சினைக் கையால் சுற்றுவார். காற்று விரலைத் தள்ளினால் "தள்ளுது" என்று நான் கத்த வேண்டும். பிஸ்டன் இரண்டு தடவை மேலே வருமாம், தள்ளுகிற தடவைதான் சரியானதாம். "நீ என்னை விரல் வைக்கச் சொல்லவே இல்லியே" என்றேன். சித்தப்பா கரி பிடித்த முகத்தோடு என்னையே பார்த்தார். "தள்ளாத தடவையில வெச்சுட்டேன் போல" என்றார். பழைய மாதிரியே விரல் வைத்தேன், காற்று தள்ளியது, நான் கத்தினேன். அவர் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து அரைச்சுற்று திருப்பி வைத்தார்.

அடுத்த சண்டை சீட்டால். சித்தப்பா ரேடியேட்டர் பக்கம் தண்ணீர்க் குழாயோடு நிற்க வேண்டும், ஆக்சிலேட்டரை மிதிக்க நான்தான். என் கால் எட்டவில்லை. "லிவரைத் தூக்கி சீட்டை முன்னாடி இழுங்க அண்ணி" என்றார். "எனக்கும் தெரியும், இழுக்க மாட்டேன், அவர் வெச்சது அப்படியே இருக்கட்டும்" என்றேன். சோபாவிலிருந்து இரண்டு தலையணை கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு கால் நுனியால் மிதித்தேன். ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. கெண்டைக்கால் நடுங்குகிறது, "காலை எடுத்துடாதீங்க" என்று அவர் கத்துகிறார், "நீ வாயை மூடிட்டுத் தண்ணியைப் பாரு" என்று நான் கத்துகிறேன். கண்ணில் நீர் கொட்டியது. புகை என்று சொன்னேன், அவரும் தனக்கும் புகைதான் என்றார்.

இருபது நிமிஷம் முடிந்ததும் அணைத்து, சூடு ஆறினதும் ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளே இருந்த மடிப்புத்தாளை வெயிலில் விரித்துப் பார்த்தார். கேம் தேய்ந்திருந்தால் இரும்புப் பொடி மினுங்குமாம். நானும் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ஒரு மினுக்கம் இல்லை. "அண்ணன் பூட்டினது பூட்டினபடியே இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

நீ அடக்கத்துக்கு வந்தபோது காரேஜ் பக்கமே போகவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. வண்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்று நீ போனில் சொன்னதும் கல்நெஞ்சால் இல்லை என்று தெரியும். சித்தப்பாவை ஓட்டச் சொன்னேன், ஃபோர்ட்காரன் ஓட்டினால் அண்ணன் எழுந்து வந்துவிடுவான் என்கிறார். எனக்கோ தலையணை வைத்துக்கொண்டு தெருவில் போக முடியாது. உனக்கு உன் அப்பாவின் நீட்டுக் கால். ஆகஸ்ட் லீவுக்கு வா. எதையும் நகர்த்த வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

கர்த்தர் உன்னையும் உன் கப்பலையும் காக்கட்டும். லைசென்ஸ் முடிகிற தேதியைப் பார்த்து வை, மறந்துவிடாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா லவீனா