தங்கவேலும் தங்கவேளும்

ஜூன் 3, திங்கள். கண்டி. விடாத மழை.
என் பெயர் வே. தங்கவேல். வயது ஐம்பது. பிறப்புப் பதிவுப் பிரிவில் எழுதுவினைஞர். சத்திரசிகிச்சையில் குரல்வளையை நீக்கி மூன்று மாதம். வாயால் சொல்ல இயலாதவற்றை ஒழுங்காக எழுதிவைப்பதே நோக்கம்.

மீண்டும் வேலை. சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "வணக்கம். எனக்குக் காது கேட்கும்." பக்கத்து மேசை நௌபர் சிலேட்டை வாங்கிப் பதிலையும் எழுதித் தந்தார். இரண்டு எழுத்துப்பிழை. திருத்திக் கொடுத்தேன்.

மாலை, பஸ் நிலையத் தேநீர்க் கடை. கடைக்காரர் என் மனைவியிடம்: "ஐயாவுக்கு சீனி போடவா?" ஐயா எதிரில்தான் இருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்.
அலுவலக ஒழுங்கு: பதிவை வாசித்துக் காட்டிய பின்னரே விவரம் தந்தவர் கையொப்பமிடலாம். பிறரிடம் இதை வற்புறுத்தியவன் நானே. தலைமை அலுவலர் (இனி த.அ.) அழைத்துக் கத்தினார்: "வாசிக்க ஏலாதே, தங்கவேல்! பழைய ஏட்டு அறைக்குப் போங்க. ஆறுதலா இருக்கலாம்!" அங்கே ஜன்னலும் இல்லை, மனிதரும் இல்லை. நான் கையொப்பமிட வேண்டிய சம்மதக் கடிதம் வெள்ளியன்று வருமாம். 'மெல்லப் பேசவும்' என்று எழுதத் தொடங்கினேன். 'மெல்ல' முடிவதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

ஜூன் 5, புதன். வெயில். இருமல். கழுத்துத் துளையை மூடத் துணி வாங்க வேண்டும்.
நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துத் தகப்பன் ஒருவர், பெண் குழந்தையின் பதிவுக்கு. வேறு வழியின்றி ஏட்டை அவர் பக்கம் திருப்பி, பென்சிலால் சொல் சொல்லாகத் தொட்டேன். அவரே வாசித்தார். ஓரிடத்தில் நின்றார்.
"ஐயா, எங்க வூட்டுக்காரி வள்ளிங்க. இதுல வல்லின்னுல்ல இருக்கு?"
எழுதியவன் நான். வாசித்துக் காட்டியிருந்தால் அவர் காதுக்குத் தப்பியிருக்கும்.
நௌபர்: "இவ்வளவு காலம் எத்தன வள்ளி வல்லியாப் போனாங்களோ! நீங்க பேசாம இருக்கிறதுதான் நல்லம், அண்ணன்."
சிரித்தேன். சத்தமில்லை.

ஜூன் 6, வியாழன்.
நாள் முழுதும் அதே முறை. எழுத்தறியாதோருக்கு நௌபரின் குரல், என் பென்சில். த.அ.வுக்கு இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பார்க்காமலே, "பாவம், பாவம்" என்றார்.

ஜூன் 7, வெள்ளி. மழை.
கடிதம் வந்தது. "செவிட்டூமையான திரு. வே. தங்கவேள் தாமாக விரும்பி..." செவிடன் அல்லேன். விரும்பவில்லை. தங்கவேளும் அல்லேன்.
மனைவி: "பேசாம கையெழுத்தப் போட்டுருங்க. ஒடம்புதான் முக்கியம்."
பேசாமல்!
பிழையான விவரத்தின் கீழ்க் கையொப்பமிட, தெரிந்து எவரையும் நான் விட்டதில்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கடிதத்தை த.அ.வின் பக்கம் திருப்பி வைப்பேன். பென்சிலால் சொல் சொல்லாகத் தொடுவேன். அவர் உரக்க வாசிக்கட்டும். எனக்குக் காது கேட்கும்.