அஞ்சலையக்காவின் பக்கம்

இன்று காலை திருச்சி பஸ்ஸில் புதிய இதழ்க்கட்டு வந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் இறக்கி வைத்துவிட்டுப் போனார். மாடி அறைக்குத் தூக்கி வந்து கயிற்றை அறுத்ததும் அச்சு மையின் வாசனை எழுந்தது. நீ இருந்திருந்தால் முதல் பிரதியை மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "நாறுதுடி, நல்லா இருக்கு" என்றிருப்பாய். நான் முகர்ந்து பார்க்காமல் ஓரமாக அடுக்கி வைத்தேன்.

படங்களை இப்போதும் தரையில்தான் பரப்புகிறேன். இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாதபோது வாய்விட்டு உன்னைக் கேட்டுவிடுகிறேன். கீழ் வீட்டு அம்மா ஒருநாள் படியில் நின்று, "யாருங்க வந்திருக்கா?" என்று விசாரித்தார். போனில் பேசினேன் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு பத்திரிகைக்கு இரண்டு பேர் போதும் என்று நினைத்தோம் நாம். நீ அரியலூரில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைத்தாய். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலைகளிலும் பருத்திக் காடுகளிலும் திரிந்தாய். நான் எழுதினேன், அச்சகத்தோடு சண்டை போட்டேன், தபால்தலை ஒட்டினேன். நடிகை படம் கிடையாது. வேலை செய்கிற மனிதர்கள் மட்டும். "இதை யாருடி வாங்குவா?" என்று நான் கேட்டதற்கு, "படத்துல இருக்கறவங்க வாங்குவாங்க" என்றாய். அவர்கள் வாங்கவில்லை. நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

போன வாரம் அஞ்சலையக்கா வந்திருந்தார். அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களிடம் நீ ஒரு பருவம் முழுக்கப் போய்வந்தாய். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டு அவர்கள் கை கறுத்துத் தோல் உரிந்திருக்கும். வேலைக்கு உட்காரும்போது சாம்பல் பூசிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சலையக்கா. அவரை நீ எடுத்த படத்தைக் காட்டியபோது அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் இதழில் அதற்கு இணையாக ஒரு படம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

இதழ் அச்சாகி வந்த அன்றே அவர் போன் செய்தார். நீ ஸ்பீக்கரில் போட்டாய். "தப்பா நெனச்சுக்காதம்மா. அந்தப் படம் மட்டும் வேணாம். பொண்ணைப் பாத்துட்டுப் போயிருக்காங்க. மாப்பிள்ளையோட சித்தப்பா வாத்தியாரு, அவுங்க வூட்டுக்கு உங்க புத்தகம் வருதாம். நான் தையல் தைக்கிறேன்னு சொல்லி வச்சிருக்கோம்."

"சரிங்கக்கா. வராது" என்று சொல்லி வைத்துவிட்டாய். என்னை ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை.

"சம்மதம் கேட்டுத்தானே எடுத்தே?"

"அப்ப சரின்னாங்க. இப்ப வேணாங்கறாங்க."

"அந்த வாத்தியாருக்கு மட்டும் அனுப்பாம விட்டுடலாம்."

"ஒரு புத்தகம் நாலு வூடு சுத்தும்டி. அவங்க பொண்ணு வாழ்க்கை."

அன்று மத்தியானம் முழுக்க இருவரும் பிளேடோடு உட்கார்ந்தோம். நடுவில் மடித்துப் பின் அடித்த இதழ் என்பதால், தாளை அடியோடு உருவினால் அதன் மறுபாதியான ஜோடித் தாளும் கழன்றுவிடும் என்று விரல் அகலத்துக்கு விளிம்பை விட்டுவிட்டு வெட்டினோம். வெட்டிய தாள்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாய். கம்ப்யூட்டரிலிருந்தும் அழிக்கப்போனபோது உன் கையைப் பிடித்தேன். போடாவிட்டால் போகிறது, நமக்காவது இருக்கட்டும் என்றேன். "வச்சிருந்தா என்னைக்காவது போடத் தோணும்டி" என்று அழித்துவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. நீயோ எதுவும் நடக்காததுபோல் ஒரு கல்யாணத்துக்கு ஜெயங்கொண்டம் கிளம்பிப் போனாய்.

உனக்கு நோய் வந்ததும், நீ போனதும் அஞ்சலையக்காவுக்குத் தெரியாது. படியேறி வந்து மூச்சு வாங்க நின்றுகொண்டு, "படம் புடிக்கிற பொண்ணு எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் கையைத் தொட்டுப் பாத்துச்சே அந்தப் புள்ள... வலிக்குதாக்கான்னு கேட்டுச்சே" என்றார். உனக்காக அழ என்னைத் தவிர இன்னொருவர் இந்த அறைக்கு வந்தது அன்றுதான்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். கல்யாணம் நன்றாக முடிந்து மகளுக்கு ஒரு குழந்தையும் இருக்கிறது. அந்தச் சித்தப்பா வீட்டில் பழைய இதழ் ஒன்று மகளின் கையில் கிடைத்திருக்கிறது. நடுவில் ஒரு தாள் வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், அவரும் சொல்லியிருக்கிறார். "என்னாலதானேம்மா வேணாம்னே, நீ போயி வாங்கிட்டு வா, ஃபிரேம் போட்டு எங்க வூட்டுல மாட்டுறேங்கறா. நானும் அந்தப் படத்தைப் பாத்ததே இல்ல. குடும்மா."

படம் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபப்படவில்லை. "சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ பாத்தியில்ல? எப்படி இருந்தேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். வேலை முடித்து எழப்போகிற நேரம். சாம்பல் பூசிய கைகள் மடியில் ஒன்றின்மேல் ஒன்று. தகரக் கூரையின் ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெயில் தோளில். விரல்களுக்கு நடுவில் உடையாத முழுப் பருப்பு ஒன்று, வெள்ளையாக. யாரோ எதையோ சொல்ல, அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறீர்கள்.

"சிரிச்சேனா?"

"வாய்விட்டுச் சிரிச்சீங்கக்கா."

உடனே மகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடைசியில், "எந்தக் கை மேல இருந்துச்சுக்கா? அம்மாவுக்கு வலது கையிலதான் தழும்பு" என்றாள்.

எனக்கு நினைவில்லை. எத்தனையோ முறை பார்த்த படம், அந்த ஒன்று மட்டும் நினைவில்லை. கேட்டால் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

"வலது கை" என்றேன். அவள் அழுதாள்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் வலது கைதான் மேலே இருக்கிறது.