மூன்று நாய்களும் என் முகமும்

வால்வெர்டே,
அக்டோபர், திங்கட்கிழமை

என் அன்பு மகள் ஒடீலியாவுக்கு,

அப்பா எழுதுவது. கடவுள் கருணையால் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், ஆடுகளும் நன்றாக இருக்கின்றன, மழை வருவதற்கு முந்தின நாள் என் முழங்கால் மட்டும் முனகுகிறது. லக்சம்பர்க்கில் குளிர் தொடங்கியிருக்கும், நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இது யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே, என் கைதான். ஊர் மண்டபத்தில் கிராசியெத் டீச்சர் பெரியவர்களுக்கு எழுதப் படிக்க நடத்தும் வகுப்பில் எல்லோரையும்விட மெதுவாக எழுதுகிறவன் நான், ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டு எழுதுவதால் வீண்பேச்சு இருக்காது என்று நினைத்தேன், என் வாய் எப்படியோ கையும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது.

முக்கியமானதை முதலில் சொல்கிறேன். அன்று கம்ப்யூட்டரில் நீ ராடோவானைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாய், பஸ் ஓட்டுகிறவர், முதல் மனைவியைப் பிரிந்தவர், இரண்டு பிள்ளைகள் உண்டு என்றாய். அதற்கு மேல் நீ பார்த்தது வாயைக் கோணிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, ஒரு வார்த்தை பேசாமல் உன்னை முறைத்த என் முகத்தை. நீ அழைப்பைத் துண்டித்துவிட்டாய், பிறகு எந்த ஞாயிறும் கூப்பிடவில்லை. அம்மா போன் செய்தால், "அப்பா மூஞ்சியைப் பார்த்துட்டேன்ல, அதுவே போதும். எப்பவும் போல அவருக்கு வக்காலத்து வாங்காதேம்மா" என்று வைத்துவிட்டாயாம். மகளே, நான் உன்னை முறைக்கவில்லை. படம் உறைந்து நின்றுவிட்டது. அப்படி நிற்கவைத்த மடையன் மட்டும் நான்தான், அது எப்படி என்று சொல்கிறேன்.

படிக்கத் தெரியாதவரை அந்தக் கம்ப்யூட்டரும் நானும் சமாதானமாக இருந்தோம். நீ சொல்லிக்கொடுத்த பச்சைப் பொத்தானை அமுக்குவேன், நீ வருவாய். ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டம் அடிக்கடி எட்டிப் பார்க்கும், அது ஏதோ பண்டிகை விளம்பரம் என்று இருந்தேன். எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிறகு வகுப்புக்கு வெளியே நானாகப் படித்த முதல் வாக்கியம் அதில் இருந்ததுதான்: உங்கள் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லை. படித்துவிட்ட சந்தோஷத்தில் அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கும்போதுதான் பொருள் உறைத்தது. நீ போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸுக்குத் தவணை முடிந்துவிட்டதாம். எனக்கென்று யாரும் எழுத்தில் எதையும் சொன்னதே இல்லை, முதன்முதலாகச் சொல்கிறவர் பொய்யா சொல்லப்போகிறார்? இன்னொரு கட்டம் வந்து வேறு ஆன்டிவைரஸ் இலவசமாகத் தருகிறோம் என்றது, அமுக்கினேன். அப்புறம் யோசித்தேன். மந்தைக்கு இரண்டு நாய் போதும் என்கிற ஆட்டுக்காரனைப் பார்த்து ஓநாய் சிரிக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆடுகளுக்கு நடுவே படுத்துக் கிடக்க ஒன்று, இந்த மலையில் நான் கண்ட கணக்கு அதுதான். ஆகவே தேடிப் பிடித்து மூன்றாவதையும் போட்டேன். காபிக்கடை பெல்மீரோவிடம் பெருமையடித்தபோது, "உன் வீட்ல திருட என்ன இருக்கு அனாக்லேத்து, நீ போடுற பாலாடைக்கட்டியா? அதைத் திருடனும் தொட மாட்டானே" என்றான். படிக்காத பயல், பொறாமை என்று விட்டுவிட்டேன்.

மூன்றும் வந்து சேர்ந்ததும் கம்ப்யூட்டர் சினை ஆடு மேடு ஏறுவதைப் போல மூச்சு வாங்கியது. உள்ளே இருக்கும் விசிறி கம்பளி கத்தரிக்கும் மெஷின் மாதிரி இரைந்தது. ஓர் எழுத்தை அமுக்கினால் அது திரைக்கு வந்து சேர்வதற்குள் என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துபோகும். அந்த நிலையில்தான் நீ அன்று கூப்பிட்டாய். நீ போன பிறகு எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். அணைத்துப் போட்டேன், தூசி ஊதினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன். உன் அம்மா புனித அந்தோணியார் படத்தை அதன்மேல் சாய்த்து வைத்தாள், அவர் காற்றுப் போகும் துளையை அடைத்துக்கொண்டதால் இன்னும் சூடாகிவிட்டது.

கடைசியில் டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுல்மீரா அம்மாவிடம் போய் நின்றேன். "எத்தனை ஆன்டிவைரஸ் வச்சிருக்கீங்க பெரியவரே?" என்று கேட்டாள். மூணு, மந்தைக்கு நாய் வைக்கிற கணக்கு என்று நிமிர்ந்து சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க நாய்ங்க ஒண்ணையொண்ணு மோந்து பார்த்து நம்ம ஆளுன்னு தெரிஞ்சுக்கும். இதுங்களுக்கு ஏது மூக்கு? பக்கத்துல எவன் எல்லாத்தையும் துருவித் துருவிப் பார்க்குறானோ அவன்தான் திருடன்னு நினைச்சுக்கும். மூணும் ஒண்ணோட கழுத்தை ஒண்ணு கவ்விட்டு நிக்குது, ஆடு எப்படி நகரும்?" என்றாள். ஒவ்வொன்றாக நீக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட வேண்டும், கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த காவல் ஒன்று உள்ளே தூங்குகிறது, மற்றதெல்லாம் போனால் அதுவே எழுந்துகொள்ளும் என்றாள். கொண்டுவந்தால் தானே செய்து தருவதாகவும் சொன்னாள். நான் கொட்டியதை நானே அள்ளுகிறேன் என்று வந்துவிட்டேன்.

போடுவது சுலபம், நீக்குவது அப்படி இல்லை. நீக்கு என்பதை அமுக்கினால், நிச்சயமாகவா, நாங்கள் போய்விட்டால் உங்களுக்கு ஆபத்து என்று அது அழுகிறது. எனக்கு மனம் இளகி, வேண்டாம் என்பதை அமுக்கிவிட்டேன். பின்னால் நின்ற உன் அம்மா, "கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்னதுக்கு ஒரு தடவையாவது இப்படி மனசு இளகினீரா? அமுக்கும் மனுஷா" என்றாள். இரண்டு போயின. மூன்றாவதை அனுப்புவதற்கு முன் அது யாரையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தாள் சுல்மீரா. தனிமைப்படுத்தப்பட்டவை என்று ஓர் இடம், சொறி வந்த ஆட்டைத் தனிப்பட்டியில் அடைப்போமே அதைப் போல. விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். உள்ளே வைரஸ் ஒன்றுகூட இல்லை. நாம் முகம் பார்த்துப் பேசுகிற புரோகிராமின் ஒரு துண்டு கிடந்தது. ஓநாய்க்கென்று காவல் வைத்து என் சொந்த மகளைப் பிடித்து அடைத்திருக்கிறேன். அதை விடுவித்தேன். மூன்றாவது ஆன்டிவைரஸ் போய்விட்டேன் என்று எழுதிக் காட்டிவிட்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. எழுத்திலும் பொய் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதைக் கிளப்பி விரட்டுவதற்கென்றே அதன் கம்பெனி தனியாக ஒரு புரோகிராம் வைத்திருக்கிறதாம், சுல்மீரா போனில் சொல்லச் சொல்ல அதையும் ஓட்டினேன். இப்போது காவல் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரு சுற்று சோதித்து, குறை ஏதும் இல்லை என்றது. நம்புவதா வேண்டாமா என்று யோசித்து நம்பியிருக்கிறேன்.

இனி முகத்துக்கு வருகிறேன். பழியெல்லாம் கம்ப்யூட்டருக்கே என்று எழுதப்போகிறேன் என்றதற்கு உன் அம்மா, "அது இல்லாத மூஞ்சியையா காட்டிச்சு? உம்மகிட்ட இருந்ததைத்தானே பிடிச்சு நிறுத்திச்சு" என்றாள். அவள் சொல்வது சரி. பெரிய சந்தோஷம் திடீரென்று வந்தால் என் முகம் அப்படித்தான் போகும். எங்கள் கல்யாணப் படத்தை எடுத்துப் பார், மந்தையைத் தொலைத்தவன் போல நிற்கிறேன். நீ பிறந்தபோது என் முகத்தைப் பார்த்த நர்ஸ், குழந்தை நல்லாத்தான் இருக்கு என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்று நீ சொன்னதும், பிரிந்தவரா, பங்குச் சாமியார் என்ன சொல்வாரோ என்று ஓர் எண்ணம் ஓடியது, அதை மறைக்க மாட்டேன். அது ஓடி முடிவதற்குள் இரண்டு பிள்ளைகள் என்றாய், அதோடு சாமியார் எனக்கு மறந்துபோனார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, குட்டிகள் பிறக்கிற நேரத்துக்கு வந்தால் நல்லது என்றேன். அது உனக்குக் கேட்கவில்லை. திரையில் நீயும் வாய் திறந்தபடி நின்றாய், சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எண்ணி, மேல் அறையை அவர்களுக்கு ஒழித்துத் தருவதுவரை பேசிக்கொண்டே போனேன். நீ எப்போதோ போய்விட்டாய் என்று அம்மாதான் வந்து சொன்னாள்.

ராடோவானுக்கு என் அன்பைச் சொல். உங்கள் இருவரையும் கடவுள் சேர்த்து வைத்துக் காக்கட்டும், உங்கள் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே, அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகப் பெரிதாக எழுதி அனுப்பு. மேல் அறைக் கதவில் நானே எழுதப்போகிறேன், நீலப் பெயின்ட் வாங்கிவிட்டேன். அழித்து எழுத முடியாது, முதல் தடவையே சரியாக வர வேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு அல்ல, கையெழுத்துடன்,
உன் அப்பா
அனாக்லேத்து